நான்காவது வெற்று இலை

நுஹா கை வைத்தால் ஒட்டுத் தெரியாது என்று ஸல்ட் என்ற அரபு மலையூரில் பேர். படிக்கட்டுச் சந்தில், செருப்புக் கடைக்கும் மசாலாக் கடைக்கும் நடுவே அவள் கடை. கல்யாணப் பத்திரிகை, மௌத்து அறிவிப்பு, பேரன் பிறந்த சேதி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அவளுடைய பிரிண்டர் வழியாகத்தான் வெளியே வரும். பொய் முத்திரை போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. அவர்களை வாசலோடு அனுப்பிவிடுவாள். கெஞ்சினால் ஒரு கிளாஸ் டீ கொடுத்து அனுப்புவாள், அவ்வளவுதான்.

ஸ்கேன் செய்த பழைய தாளில் புது எழுத்தைச் சேர்க்கிறவர்கள் செய்யும் முதல் தப்பு கறுப்பைக் கறுப்பாக வைப்பது என்பாள். பழைய மை கறுப்பே இல்லை, தேன் கலந்த பழுப்பு. எழுத்தின் ஓரம் தாளுக்குள் கொஞ்சம் கசிந்திருக்கும், நடுவில் ஒரு நார் ஓடியிருக்கும். ஸ்கேனர் தன் பங்குக்கு மூலைப்பக்கம் ஒரு நிழலைச் சேர்த்திருக்கும். இத்தனையையும் புது எழுத்துக்கும் கொடுத்தால்தான் அது அந்தத் தாளிலேயே பிறந்ததுபோல் உட்காரும். ஒரு பெயரை உட்கார வைக்க அவளுக்கு ஒரு பகல் வேண்டும். நகத்தைக் கடித்துக்கொண்டு அவசரப்படுத்துகிறவர்களைப் பக்கத்து மசாலாக் கடையில் போய் நிற்கச் சொல்வாள்.

அவளுடைய ஹர்மல் குலத்தின் குலமரமும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. அறுபது வருடத்துக்கு முன்னால் ஓர் எழுத்துக்காரர் ஆளுயரத் தாளில் வரைந்த மரம் அது. ஆண்பிள்ளை ஒவ்வொருவனுக்கும் ஓர் இலை, இலைக்குள் பெயர். உயிரோடிருந்தால் பச்சை, இறந்துவிட்டால் பழுப்பு. போனவன் திரும்பவில்லை, செத்த சேதியும் இல்லை என்றால் இலைக்குள் வண்ணமே கிடையாது, வெறும் தாள்தான். அப்படி மூன்று வெற்று இலைகள் இருந்தன. நூறு வருடத்துக்கு முன் துருக்கிப் படை பிடித்துக்கொண்டு போன மூன்று பேர். குலத்தார் கூடும் கூடத்தில் காப்பி ஊற்றும்போது, முதலில் மூன்று கிண்ணி ஊற்றி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுத்தான் விருந்தாளிக்கே ஊற்றுவார்கள். பெண்களுக்கு அந்த மரத்தில் இலை கிடையாது. இதைப் பற்றி நுஹாவிடம் பேச்சுக் கொடுத்தால் நேரம் போவதே தெரியாது.

பதினான்கு வருடத்துக்கு முன், கூடத்துக் கூரை ஒழுகி அசல் தாள் கூழாகிப் போனது. நல்லவேளை, அதற்கு முந்தின கோடையில் நுஹா அதை ஸ்கேன் செய்திருந்தாள். அன்றிலிருந்து அவளிடம் இருக்கும் ஃபைல்தான் மரம். சில வருடத்துக்கு ஒருமுறை புது இலைகளைச் சேர்த்து, இறந்தவர்களைப் பழுப்பாக்கி, புதிதாகப் பிரிண்ட் எடுத்துச் சட்டத்தில் மாட்டுவார்கள்.

அவளுடைய அண்ணன் ஷாஹிர் பாக்தாத் சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு நாள் போனவன்தான். லாரியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. இரண்டு வருடம் பொறுத்துவிட்டு நுஹா தன் கையாலேயே அவன் இலையிலிருந்த பச்சையை எடுத்தாள். மரத்தில் அது நான்காவது வெற்று இலை ஆனது. ஜன்னல் திட்டில் நான்காவது கிண்ணியும் வந்தது. அன்று அழுதுகொண்டே வேலை பார்த்ததில் பழைய தாளும் புது ஒட்டும் தனித்தனியாக இருந்த லேயர்களை எல்லாம் ஒன்றாக்கிச் சேமித்துவிட்டாள். பழைய ஸ்கேன் பழைய கம்ப்யூட்டரோடு ஒழிந்தது. இப்படிப்பட்ட தவற்றை வேறு யாராவது செய்திருந்தால் நுஹா அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

இந்தத் திங்கட்கிழமை பெரியப்பா அபூ கலஃப் கடைக்கு வந்தார். குலத்துக்கு மூத்தவர். கைத்தடியைக் கவுண்டர் மேல் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடறோம். புது மரம் மாட்டணும். ஒன்பது புள்ளைங்க பேர் சேர்க்கணும், பட்டியல் இந்தா. அஞ்சு பேர் பழுப்பு."

நுஹா பட்டியலைப் படித்தாள். ஐந்தாவது பெயர் ஷாஹிர்.

"பெரியப்பா..."

"அவன் செத்துட்டதா கோர்ட்டுல சொல்லிட்டாங்கம்மா. லம்யாவுக்கு மறு கல்யாணம் பேசியாச்சு. பதினோரு வருஷம் அந்தப் பொண்ணு உக்காந்து கிடந்தா, இன்னும் எத்தனை நாளைக்கு? மாப்பிள்ளை வீட்டாளுங்க வெள்ளிக்கிழமை கூடத்துக்கு வர்றாங்க. மரத்தைப் பார்ப்பாங்க. அவ புருஷன் இலை வெறுமையா இருந்தா என்ன நெனைப்பாங்க? பழுப்பாக்கிடு."

லம்யா ஷாஹிரின் மனைவி. நுஹாவுக்கு அவள் மேல் ஒரு குறையும் இல்லை. பெரியப்பா சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் அம்மா வந்தாள். சேதி எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது. ஷாஹிரின் தாய் என்பதால் ஊரார் உம்மு ஷாஹிர் என்று கூப்பிடும் அவளுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. படிக்கட்டுச் சந்தில் எண்பத்தாறு படி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றாள்.

"நீ பழுப்பு அடிச்சா உன் கையால ஒரு வாய் தண்ணிகூட வாங்க மாட்டேன்."

"நான் என்னம்மா பண்றது? பெரியப்பா..."

"உங்க பெரியப்பனுக்கு நாலு புள்ளைங்க, நாலும் பச்சை. அவரு பேசுவாரு." நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பச்சையா காட்டுடி. பார்த்துட்டுப் போயிடறேன்."

அதை மறுக்க நுஹாவால் முடியவில்லை. ஷாஹிரின் இலையைப் பெரிதாக்கினாள். பக்கத்து இலைகளின் பச்சை எங்கே அடர்த்தி, எங்கே வெளிறல் என்று பார்த்து, தாளின் நார் மேலே தெரியும்படி மெல்லிய பூச்சாகப் பூசினாள். நரம்புக் கோட்டின் ஓரத்தில் வண்ணத்தைக் கொஞ்சம் தேங்கவிட்டாள். எழுத்துக்காரர் தூரிகையைத் தூக்கும்போது அப்படித்தான் தேங்கும். இலையின் இடது ஓரத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. தூசி என்று நினைத்து அழித்தாள். பச்சை பூசி முடித்ததும் புள்ளி அங்கேயே இருந்தது. மறுபடி அழித்தாள், மறுபடி இருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் விட்டுவிட்டாள்.

அம்மா திரையில் அந்த இலையைத் தொட்டாள். எழுந்து படியிறங்கிப் போனாள். நுஹா ஃபைலைச் சேமித்துவிட்டுக் கடையைச் சாத்தினாள். காலையில் பழுப்பாக்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

காலையில், கடை திறக்கும் முன்பே, அம்மா போன் செய்தாள்.

"ஷாஹிர் வந்திருக்கான். வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா. நிறைய வாங்கு."

நுஹா ரொட்டி வாங்கினாளா, எப்படி வாங்கினாள் என்பதெல்லாம் அவளுக்குப் பிறகு நினைவில்லை. கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு அம்மா வீட்டு வாசலில் நின்றபோதுதான் தான் ஓடி வந்திருப்பதே தெரிந்தது.

அவன் தரையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். அண்ணனின் முகம்தான். அதே மூக்கு, நடுவில் சேரும் அதே புருவம். ஆனால் ஷாஹிருக்கு இப்போது நாற்பத்திரண்டு இருக்க வேண்டும். இவனுக்கு முப்பதுகூட இராது. பொத்தான் இல்லாத முரட்டுக் கம்பளிக் கோட்டு, வெறும் கால், கணுக்கால் வரை வெள்ளைப் புழுதி. ரொட்டியைப் பிய்த்துப் பாதியைத் தின்றான், பாதியைக் கோட்டுக்குள் ஒளித்தான்.

"அண்ணா" என்றாள் நுஹா. அவன் சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டான், அந்நியப் பெண் எதிரே வந்ததுபோல். தெருவில் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவன் எழுந்து கதவுக்குப் பின்னால் ஒண்டினான்.

"சிப்பாய்ங்க போயிட்டாங்களா?" என்று கேட்டான்.

"போயிட்டாங்கப்பா. எப்பவோ போயிட்டாங்க. வந்து சாப்பிடு" என்றாள் அம்மா.

"ஸப்ஹா எங்கே?"

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸப்ஹா என்று யாரையும் அவர்களுக்குத் தெரியாது. அம்மா பதினொரு வருடமாக இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த ஷாஹிரின் சட்டை ஒன்றை எடுத்து வந்தாள். அவன் கோட்டைக் கழற்றினான். இடது தோளெலும்புக்குக் கீழே சுண்டுவிரல் நுனி அளவுக்கு வட்டமாக ஒரு குழிவு இருந்தது. சட்டையை மாட்டும்போது நுஹா அவன் கைகளைப் பார்த்தாள். லாரிக் கதவில் நசுங்கி ஷாஹிரின் வலது கட்டைவிரல் பாதி நகத்தோடு நின்றுபோனது. இவனுக்கு இரண்டு கட்டைவிரலும் முழுசாக இருந்தன.

நுஹா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவன் கோட்டை மடித்துக்கொண்டிருந்தாள், முகத்தில் அத்தனை நிம்மதி. வந்த வார்த்தையை விழுங்கிவிட்டுக் கடைக்குப் போனாள்.

ஃபைலைத் திறந்து ஷாஹிரின் இலையைத் திரை முழுவதும் விரித்தாள். அந்தக் கரும்புள்ளி தூசி இல்லை. பூச்சி அரித்த ஓட்டை. ஓட்டைக்குள் நிழல்கூட இருந்தது. ஆனால் ஸ்கேன் செய்த நாளில் ஷாஹிரின் இலையில் எந்த ஓட்டையும் கிடையாது, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். மரத்தில் கீழே, தடித்த கிளைகளுக்கு வந்தாள். மூன்று பழைய வெற்று இலைகளில் நடுவில் இருந்தது தியாப் என்பவனுடையது, அவள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி. இடது ஓரத்தில் அதே ஓட்டை, அதே நிழல், பக்கத்தில் அதே வளைந்த நார்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் அண்ணனின் பச்சையை எடுத்தபோது, அந்த இடத்தை நிரப்ப அவளுக்கு வெறும் தாள் தேவைப்பட்டது. வேறெங்காவது எடுத்தால் நிறம் சேரவில்லை. வெற்று இலைக்குள் வெற்று இலையின் தாள்தான் பொருந்தும் என்று தியாபின் இலைக்குள்ளிருந்து நகலெடுத்து ஒட்டினாள். அச்சு அசலாகப் பொருந்தியது. அன்று தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து ஒரு கணம் பெருமைகூடப் பட்டாள். ஆக, ஷாஹிரின் பெயருக்கு அடியில் இத்தனை வருடமாக இருந்தது தியாபின் இடம். நேற்று அவள் பச்சை பூசியது அதன்மேல்தான்.

யாரிடம் போய் இதைச் சொல்வது?

வியாழக்கிழமை லம்யா கடைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. நுஹாவின் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாளாம்.

"என்னைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டு நின்னாரு நுஹா. 'நல்லா இருங்க சகோதரி'ன்னாரு. அவரு இல்ல. முகம் இருக்கு, அவரு இல்ல." கவுண்டர் விளிம்பை விரலால் தேய்த்தாள். "அவரா இருந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சேன். யோசிச்சதுக்கே எனக்கு வெக்கமா இருக்கு."

அவள் போன கையோடு பெரியப்பா வந்தார். அவரும் போய்ப் பார்த்திருக்கிறார். லாரி நம்பர் கேட்டாராம், லாரி என்றால் என்ன என்று அவன் கேட்டானாம்.

"எவனோ கிறுக்கன், முகஜாடையை வெச்சு வந்து ஒட்டிக்கிட்டான். உங்கம்மா சோறு போட்டா எவன் வேணும்னாலும் புள்ளையாயிடுவானா? நாளைக்கு மரம் தயாரா இருக்கணும். ஷாஹிர் பழுப்பு." அதட்டித்தான் பேசினார், ஆனால் அவள் கண்ணைப் பார்க்காமல் படியிறங்கினார்.

வேறு வழி தெரியாமல் நுஹா தூரிகையை எடுத்தாள். இலையின் நுனியிலிருந்து பழுப்பை இறக்கினாள். பாதி இலை மாறியிருக்கும், போன் அடித்தது.

"கொஞ்சம் வாடி" என்றாள் அம்மா. "உக்காந்திருந்தவன் அப்படியே சாஞ்சுட்டான். காலு ரெண்டும் சில்லுன்னு ஆயிட்டுது. இடுப்பு வரைக்கும் சில்லுன்னு வருது."

நுஹா பூசியதை விலக்கினாள். பழுப்பு போய்ப் பச்சை வந்தது. போனைக் காதில் வைத்தபடியே காத்திருந்தாள். மறுமுனையில் அம்மா கிசுகிசுவென்று ஓதும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"கண்ணைத் திறந்துட்டான். தண்ணி கேக்கறான்."

நுஹா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உயிருள்ள ஒருவனை இடுப்பு வரை கொன்றுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறாள். ஷாஹிரின் இலையைப் பச்சையாக விட்டால் லம்யாவின் வாழ்க்கை போச்சு, பொய்யும் ஆகும். பழுப்பாக்கினால் அம்மா மடியில் ஒரு பிணம்.

சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போனாள். அவன் மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். அம்மா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நுஹா எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எங்கிருந்து நகலெடுத்தாள், எதன்மேல் பூசினாள், ஓட்டை, தோளில் உள்ள குழிவு, எல்லாம். சொல்லி முடித்ததும் அழுகை வந்தது.

"அது அண்ணன் இல்லம்மா."

"தெரியும்" என்றாள் அம்மா. அரிசியிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தள்ளி வைத்தாள். "வாசல்ல நின்னப்பவே தெரியும். எம்புள்ளை கட்டைவிரல் எனக்குத் தெரியாதா? அது நசுங்குன அன்னிக்குக் கட்டுப் போட்டவ நான்தானே."

"அப்புறம் ஏம்மா..."

"ஸப்ஹா யாருன்னு நேத்து அவன்கிட்ட கேட்டேன். அவனைப் பெத்தவளாம். இவனைப் புடிச்சுக்கிட்டுப் போன அன்னிக்கு ரொட்டியை எடுத்துக்கிட்டுக் குதிரைங்க பின்னாடியே ஓடி வந்தாளாம். குடுக்க முடியலையாம்." அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அவளும் செத்துப் போற வரைக்கும் கதவைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருப்பா. அவ பேரைக்கூட உங்க மரத்துல எழுதலை. அவ புள்ளை வந்து எங்கதவைத் தட்டறான், நான் இல்லைன்னு சாத்தவா? நான் இவனுக்குப் போட்டா, எங்கேயோ எவளோ ஒருத்தி என் ஷாஹிருக்கும் ஒரு வாய் போடுவா. அப்படி நெனைச்சுத்தான் போடறேன்."

நுஹா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இனி யோசிக்க ஒன்றும் இல்லை.

கடைக்குத் திரும்பி முதலில் தியாபின் இலையில் பச்சை பூசினாள். அடித்தண்டுக்குப் பக்கத்தில், நூறு வருடப் பழுப்பு இலைகளுக்கு நடுவே, ஒரே ஒரு பச்சை. பிறகுதான் ஷாஹிரின் இலையில் கை வைத்தாள், பழுப்பாக்க அல்ல, பழையபடி வெறுமையாக்க. பச்சையை ஒரு விரற்கடை எடுப்பாள், அம்மாவுக்குப் போன் செய்து அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்பாள், அப்புறம் இன்னொரு விரற்கடை. நல்லாத்தான் இருக்கான், பருப்புக் கஞ்சி குடிக்கிறான் என்று சொல்லிச் சொல்லி நான்காவது தடவை அம்மாவுக்கு அலுத்துவிட்டது. நிரப்புவதற்கான தாளை இந்த முறை யாருடைய இலையிலிருந்தும் எடுக்கவில்லை. எந்தப் பெயரும் இல்லாத ஓர விளிம்பிலிருந்து எடுத்தாள். நிறம் சேரவில்லை. பரவாயில்லை என்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து சேர வைத்தாள்.

கடைசியாக ஒன்று செய்தாள். யாரையும் கேட்கவில்லை. எழுத்துக்காரர் வேறு பெயர்களுக்கு எழுதிய எழுத்துகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்துக் கோத்து, ஓரத்தைக் கசியவிட்டு, தாளின் நாரை ஊடே ஓடவிட்டு, தியாபின் இலைக்காம்பின் அடியில் ஸப்ஹா என்று எழுதினாள். அறுபது வருடமாக அங்கேயே இருந்தது என்று எழுத்துக்காரரே வந்து சத்தியம் செய்வார், அப்படி உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கூடம் நிறைந்தது. தாம்பாளங்களில் மன்சஃப் கறிச்சோற்றின் ஆவி பறந்தது. மரம் மாட்டப்பட்டிருந்தது. பெரியப்பா அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். மேலே ஷாஹிரின் இலை வெறுமையாக இருந்ததைப் பார்த்தார். கீழே தியாபின் இலை பச்சையாக இருந்ததைப் பார்த்தார். பிறகு திரும்பி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் அந்த இளைஞனைப் பார்த்தார். கண் மறுபடி அந்தப் பச்சை இலைக்கே திரும்பியது. அவர் ஏதாவது கேட்பார் என்று நுஹா காத்திருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் மரத்தைப் பார்த்துவிட்டு, "லம்யாவுக்குக் கோர்ட்டுப் பேப்பர் இருக்கில்ல, எங்களுக்கு அது போதும். வெற்று இலை இல்லாத வீடு எது?" என்றார். பெரியப்பா தலையை மட்டும் அசைத்தார். பிறகு தன் பக்கத்தில் இருந்த மெத்தையை நகர்த்தி, "வாங்க சின்னத்தாத்தா, உக்காருங்க" என்று அந்த இளைஞனைப் பார்த்துச் சொன்னார். எழுபத்தெட்டு வயதுக்காரர் அப்படிச் சொன்னதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

அவன் உட்காரவில்லை. சுவரருகே போனான். எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆனாலும் விரல் நேராகத் தன் இலைக்குப் போனது, காம்பின் அடிக்கு இறங்கியது, அங்கே நின்றது.

காப்பி வந்தது. ஊற்றுகிறவன் பழக்கத்தில் நான்கு கிண்ணியை எடுத்தான். அந்த இளைஞன் கூஜாவைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். தன்னோடு போன இருவருக்கும் ஆளுக்கொரு கிண்ணி ஊற்றி ஜன்னல் திட்டில் வைத்தான். இன்னொன்றைக் கவிழ்த்து ஒதுக்கினான். அது இத்தனை வருடம் அவனுக்காக ஊற்றி வைத்தது. மிச்சமிருந்ததைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"உங்க மகனுக்கு எப்படி இருக்கணும்?" என்று கேட்டான். "சூடா, ஆறினதா?"

"சூடா" என்றாள் அம்மா. "தூரத்துலேருந்து வர்றவன்."

அவன் கிண்ணியை விளிம்பு வரை நிரப்பி, ஜன்னல் திட்டில் சாலையைப் பார்த்த பக்கமாக வைத்தான்.